புல்லில் ஐஸ் கண்டவரின் மகள்

என் அப்பாவை ஊரே சேர்ந்து பொய்யனாக்கிய கூட்டத்தில் நானும் இருந்தேன். பெண்கள் பக்கத்தில், என் கணவரின் அம்மாவான மாமிக்குப் பின்னால், மர வாங்கில், மடியில் மகனோடு.

தொண்ணூற்று நான்காம் ஆண்டுச் சிறுபோகம், குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் வெயில்கால நெல். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைவு. வாய்க்காலில் இவருக்கு இன்ன மணியிலிருந்து இன்ன மணிவரை என்று முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். அந்த முறையைக் காப்பது அப்பாவின் வேலை. மதகுப் பூட்டுகளின் திறப்பு அவர் இடுப்பில் தொங்கும். விடிவதற்கு முன் ஒருநாள், வாய்க்கால் கட்டை மண்வெட்டியால் வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீர் இறக்கிய ஒருவரை அப்பா கண்டார். வெட்டியவர் கமக்காரர் சங்கத் தலைவரின் மச்சான். அப்பா அதைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்.

தலைவர் கேட்டார்: "கண்ணாலை கண்டனீரோ?"

"கண்ணால கண்டேங்க."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "அவர் புல்லிலை ஐஸும் கண்ணாலை கண்டவரெல்லே!"

இன்னொருவர்: "அப்ப அங்கத்தை மாடெல்லாம் ஐஸ்பழமோ தின்னுறது?"

சிரிப்பு கூரைத் தகரத்தில் முட்டியது. அதில் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது என் மாமியின் சிரிப்பு. வாயை நன்றாகத் திறந்து சிரித்தார். அப்பா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாரும் கேட்கவில்லை. கூட்டம் முடியும்போது திறப்பை அவரிடமிருந்து வாங்கிவிட்டார்கள். வாய்க்கால் கட்டை வெட்டியதே அப்பாதான், பழியை ஒரு மரியாதைக்காரர்மேல் போடுகிறார் என்று அடுத்த கிழமை கதை வந்தது.

ஐஸ் விசயம் இதுதான். அப்பா நுவரெலியாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எழுபத்தேழு கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்களைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தார். எனக்கு அப்போது ஆறு வயது. இங்கே வந்த புதிதில், வேலை முடிந்து இருந்து கதைக்கும்போது, எங்கள் தோட்டத்தில் தை மாதத்து விடியலில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும், வாளித் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஏடு படியும், காலில் பட்டால் நெருப்பாக எரியும் என்று சொல்லியிருக்கிறார். வெயிலில் வெந்து கிடக்கும் ஊரில் அதை யார் நம்புவது? அன்றிலிருந்து, கடையில் விற்கும் குச்சி ஐஸின் பேரில், அவருக்குப் பெயர் "ஐஸ்பழத்தார்". பதினேழு வருடம் அதை அவர் சிரித்துக்கொண்டே தாங்கினார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு சிரிக்கவில்லை. கதைக்கவும் இல்லை. சந்தையில் யாராவது மணி கேட்டால்கூட, "வேற யாரையாவது கேளுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

என்னிடமும் ஒரு ஞாபகம் இருந்தது. அப்பா வாளியிலிருந்து ஏதோ ஒரு தகட்டை உடைத்து என் உள்ளங்கையில் வைக்கிறார். நான் கத்துகிறேன். அவ்வளவுதான். அது நான் கண்டதா, அப்பா சொல்லிச் சொல்லி எனக்குள் வந்ததா என்று எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லி அடி வாங்கியிருக்கிறேன். அதனால்தான் அன்று கூட்டத்தில் நான் எழுந்து "என் அப்பா பொய் சொல்லவில்லை" என்று கத்தவில்லை. அந்த வெட்கம் எனக்கு உண்டு. அன்றே ஒரு முடிவும் எடுத்தேன். அந்த ஐஸை இந்த ஊர் நம்பும் ஒருவரின் கண்ணால் காணவைப்பது. அடுத்த சிறுபோகத்துக்குக் காவலாளி தெரிவு செய்யும் கூட்டத்தில் அவர் வாயாலேயே அதைச் சொல்லவைப்பது.

இந்த ஊர் யாரை நம்பும்? என் மாமியை.

மாமியைப் பற்றி நேராகவே சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே காணி பெற்ற முதல் குடும்பங்களில் ஒன்று. மாமா இறந்தபிறகு மூன்று ஏக்கர் வயலையும் ஒற்றையாகச் செய்தவர். பொய் சொல்லமாட்டார். அவர் மகன் என்னைக் கட்டியபோது, "தோட்டக்காட்டுப் பெட்டையை வீட்டுக்கை விடமாட்டன்" என்று சொன்னதும் பொய்யில்லை, எட்டு மாதம் விடவில்லை. பேரன் பிறந்தபிறகு விட்டார். அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணீர் கொடுப்பார், ஆனால் அவருக்கென்று ஒதுக்கிய தகரப் பேணியில். குசினி வாசலுக்கு வெளியே, கூரை வளையில் ஓர் ஆணியில் அது தொங்கும். அதைக் கழுவுவதும் நான்தான்.

அந்தத் தை மாதம் எங்கள் பக்கத்துப் போராளி இயக்கத்துக்கும் இராணுவத்துக்கும் சண்டை ஓய்ந்திருந்தது. மாமியின் மகள் கண்டியில் இருந்தாள், தலைப்பிள்ளைப்பேறு. மாமி போகவேண்டும், தனியாகப் போகமுடியாது. வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும், இளந்தாரியான என் கணவருக்கு அது கிடைக்காது. துணைக்கு நான்தான், அப்பாவிடம் பழகிய கொஞ்சச் சிங்களமும் எனக்கு வரும். வன்னியை விட்டு வெளியே போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்பதற்கு வீட்டில் ஒருவர் பிணை நிற்கவேண்டும். என் கணவர் எங்கள் இருவருக்கும் கையெழுத்து வைத்தார். இருபத்தொரு நாள். அதற்குமேல் ஒரு நாள் பிந்தினாலும் அவர்தான் போய்ப் பதில் சொல்லவேண்டும்.

மகனை அப்பாவிடம் விட்டேன். போகும்போது, "எங்கள் தோட்டத்துக்குப் போறேன்" என்று அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். வழியில் குடிக்கத் தண்ணீர் எடுத்தாயா என்று கேட்டார்.

உழவு இயந்திரப் பெட்டியில் ஓமந்தை வரைக்கும். அங்கே எங்கள் பக்கத்து, இயக்கத்தின் மேசை. பிறகு பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆளில்லாத தெருவில் நடை. பிறகு அந்தப் பக்கத்து, இராணுவத்தின் மேசை. வவுனியாவில் பதிவு. அடுத்த நாள் கண்டி. பிள்ளை நல்லபடி பிறந்தது. பதினான்கு நாளும் நான் துணி துவைத்தேன், பிள்ளைப்பேற்று மருந்துச் சரக்கு அரைத்தேன், தண்ணீர் காய்ச்சினேன். பதினாறாம் நாள் மாலை மாமி பையைக் கட்டத் தொடங்கினார்.

"மாமி, ரெண்டு நாள் மிச்சம் இருக்கு. மேலை போட்டு வருவம்."

"எங்கை?"

"எங்கடை தோட்டத்துக்கு. அப்பா சொன்னதைப் பாக்க."

மாமி என்னைக் கூர்ந்து பார்த்தார். "உனக்கென்ன விசரே? ஊரிலை நெல்லு பால் பிடிச்சு நிக்குது. நான் உன்ரை கொப்பற்றை ஐஸ்பழம் தேடித் திரியவோ?"

"பதினாலு நாளும் உங்கடை மகளின்ரை பீத்துணி கழுவினனான். ஒரு சொல்லுச் சொன்னனானோ? ரெண்டு நாள் எனக்குத் தாங்கோ."

"இல்லையெண்டால்?"

"நீங்கள் தனியப் போங்கோ. வவுனியாவிலை சிங்களத்திலை கேப்பாங்கள். மறுமொழி சொல்லுங்கோ."

நியாயமான பேச்சு இல்லை. தெரியும். வேறு வழி எனக்கு இருக்கவில்லை. மாமி அன்று இரவு என்னோடு கதைக்கவில்லை. காலையில் ரயில் நிலையத்துக்கு எனக்கு முன்னால் நடந்தார்.

நானுஓயாவில் இறங்கி, பஸ் பிடித்து, அதன்பிறகு இரண்டு மைல் நடந்து தோட்டத்துக்குப் போகும்போது பின்னேரமாகிவிட்டது. அப்பாவின் தங்கை, என் அத்தை, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஓர் அறையிலும் அதற்கு முன்னால் ஒட்டிய ஒரு குசினியிலும் புருசனோடு இருந்தார். பதினேழு வருடத்துக்குப் பிறகு என்னைக் கண்டார். அழவில்லை. "எங்கண்ணன் மூக்கு அப்பிடியே இருக்கு, வா தாயி" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். மாமிக்கு ஒரு கம்பளியை நீட்டினார்.

"எனக்குத் தேவையில்லை" என்றார் மாமி. பல்லு அடித்துக்கொண்டிருந்தது.

"தேத்தண்ணி குடிங்க சம்மந்தியம்மா."

"எனக்கு வேண்டாம்."

ஏன் வேண்டாம் என்பது எனக்குத் தெரியும். அத்தைக்கும் தெரிந்திருக்கும். அவர் அந்தக் கோப்பையை எடுத்து என்னிடம் தந்தார். நான் இரண்டு கோப்பையையும் குடித்தேன்.

அடுத்த நாள் நான் ஒரு பிழை விட்டேன். எங்கள் ஊர் தட்டை. ஏறி நிற்க ஒரு மேடு இருந்தால் அது குளக்கட்டுத்தான். அங்கே வளர்ந்த எனக்கு, குளிர் என்றால் உயரம், ஐஸ் என்றால் மலை உச்சி. அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியும் என்ற திமிர். விடிய முன்னரே, யாரும் எழும்பாத நேரத்தில், மாமியை எழுப்பித் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் மலை உச்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஐம்பத்தெட்டு வயது மனுசி, ரப்பர் செருப்பு, நூல் சேலை. மூன்று இடத்தில் வழுக்கினார். ஒரு தடவைகூட என் கையைப் பிடிக்கவில்லை.

உச்சியில் காற்று அடித்தது. புல் காய்ந்து கிடந்தது. வெள்ளையும் இல்லை, ஈரமும் இல்லை. விடிந்தது. கண்ணுக்கு எட்டியவரை தேயிலை. கீழே பள்ளமெல்லாம் வெண்புகை மாதிரிப் புகார் மூடிக் கிடந்தது.

மாமி ஒரு கல்லில் குந்தியிருந்து மூச்சு வாங்கினார். பிறகு குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இந்தா. கொப்பற்றை ஐஸ். நல்லாய்ப் பார்."

நான் பார்த்தேன்.

"நான் அந்த ஆளைப் பொல்லாத மனிசன் எண்டு சொல்லேல்லை பிள்ளை. கூடக் கதைக்கிற ஆள். கூடக் கதைச்சால் பொய் வரும். இனி அந்தக் கதையை என்னட்டை எடுக்காதை."

இறங்கும்போது எனக்குக் கண்ணீர் வந்தது என்று எழுதினால் அது பொய். கோபம் வந்தது. அப்பாமேல்தான் வந்தது. ஒரு வேளை உண்மையிலேயே சும்மா சொன்னாரோ? என் உள்ளங்கையில் வைத்தது வெறும் கண்ணாடித் துண்டோ? அந்த இறக்கத்தில் நானும் அவரைச் சந்தேகித்தேன். ஊருக்கும் எனக்கும் அன்று ஒரு வித்தியாசமும் இல்லை.

லயத்தடியில் அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க போனீங்க ரெண்டு பேரும்?"

"உச்சிக்கு. பனி பாக்க."

"உச்சிக்கா?" அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "ஏந்தாயி, மேல காத்து அடிக்கும், பனி நிக்காது. அது பள்ளத்துலதான் வந்து படுக்கும், தண்ணி மாதிரி. நீங்க மேல ஏறுனப்ப இங்க ஆத்தோரம் தோட்டத்துல லேசாக் கொட்டிக் கெடந்துச்சு. இப்ப வெயில் நக்கிருச்சு."

"நல்ல சாட்டுப்போக்கு" என்றார் மாமி.

அத்தையின் புருசன் லயத்துக்குக் கீழே, ஆற்றோரப் பள்ளத்தில், தோட்ட வேலை போக மிச்ச நேரத்தில் உருளைக்கிழங்கு போட்டிருந்தார். அத்தை எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனார். ஓரத்துப் பாத்தியில் சில செடிகளின் இலைகள் வெந்நீர் ஊற்றியதுபோலக் கறுத்துத் தொங்கின. மாமி குனிந்தார். ஓர் இலையைக் கிள்ளினார், பிரட்டினார், மணந்தார். இரண்டு விரலுக்கு நடுவில் கசக்கினார். முப்பது வருடம் பயிரோடு கிடந்தவர். அவர் முகம் மாறியதை அப்போதுதான் கண்டேன்.

"இது பூச்சி இல்லை. நோயெண்டால் புள்ளி விழும், அடியிலை இருந்து வரும். இது நுனியிலை இருந்து வந்திருக்கு. ஆர் நெருப்புக் காட்டினது?"

"யாரும் காட்டலீங்க. பனி கருக்குனது. போன வாரம் நாங்க தண்ணி ஊத்த லேட்டாயிருச்சு."

"தண்ணியோ? பனிக்குத் தண்ணியோ?"

"ஆமாங்க. வெயில் படுறதுக்குள்ள தண்ணி ஊத்திக் கழுவிரணும். கழுவலேன்னா வெயில் பட்ட ஒடனே கருகிரும்." அத்தை வானத்தைப் பார்த்தார். "இன்னைக்கு மேகமே இல்ல, காத்தும் விழுந்துருச்சு. நாளைக்கு நல்லாக் கொட்டும்."

நாளைக்கு. அன்று மத்தியானமே நாங்கள் புறப்பட்டால்தான் இருபத்தோராம் நாள் ஓமந்தையைத் தாண்டலாம்.

"நான் நிக்கப்போறன்" என்றேன்.

"என்ரை மகன் பிணை நிக்கிறான்."

"உங்கடை மகன் எனக்குப் புருசன். அவர்தான் சொல்லிவிட்டவர், பாக்காமல் வராதை எண்டு." இது பொய். அவர் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பயணம் முழுவதும் பொய் சொன்ன ஆள் நான் ஒருத்திதான்.

மாமி அந்தக் கறுத்த இலையை இன்னும் கையில் வைத்திருந்தார். அதை மறுபடியும் பிரட்டினார்.

"ஒரு நாள்" என்றார். "நீ வெண்டிட்டாய் எண்டு நினையாதை. எனக்கு விளங்காத ஒரு சங்கதி பயிரிலை இருக்கக்கூடாது. அதுக்குத்தான்."

அடுத்த நாள் விடியலில் அத்தையின் புருசன் கதவில் தட்டினார். "கொட்டிருச்சு, வாங்க!" அத்தை மறுபடியும் கம்பளியை நீட்டினார். மாமி அதை வாங்கித் தலையோடு போர்த்திக்கொண்டார்.

பள்ளத்துக்கு இறங்கினோம். மங்கல் வெளிச்சம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. காலடியில் புல் நொறுங்கும் சத்தம் மட்டும். அப்பளம் உடைவதுபோல. பிறகு வெளிச்சம் கூடியது.

வெள்ளை. ஆற்றோரப் புல், பாத்தி, வேலிக் கம்பி, கிழங்கு இலையின் ஒவ்வொரு ஓரமும். வெளியே மறந்துவிட்ட ஒரு மண்வெட்டிப் பிடிகூட.

நான் மாமியைத்தான் பார்த்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஆனையிறவு உப்பளம் மாதிரிக் கிடக்கு" என்றார்.

பிறகு குனிந்து, ஒரு புல்லின்மேல் படிந்ததை விரலால் வழித்தார். அதை நாக்கில் வைத்தார். உப்பா என்று பார்க்கிறார்! யாரோ அவரை ஏமாற்ற அந்தப் பள்ளம் முழுக்க உப்பைத் தூவியிருக்கக்கூடும் என்ற எண்ணம் அந்த நேரத்திலும் அவருக்கு இருந்தது. நாக்கை உள்ளே இழுத்தார். இன்னொரு விரல் வழித்தார். மறுபடியும் வைத்தார்.

"உப்பில்லை."

நான் வாளியைத் தேடினேன். வேலிக்கரையில் ஒன்று இருந்தது. மேலே மெல்லிய ஏடு. விரலால் தட்டினேன், உடைந்தது. துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். ஆறு வயதில் நான் ஏன் கத்தினேன் என்று கை சொன்னது. அது அப்பா சொல்லி வந்த ஞாபகம் இல்லை. என்னுடையது.

அதற்குமேல் நின்று பார்க்க விடவில்லை. "வெயில் எறங்குதுங்க! ஊத்துங்க, ஊத்துங்க!" என்று அத்தையின் புருசன் கத்தினார். எதிர் மலையில் வெயில் கோடு மெதுவாக இறங்கி வந்துகொண்டிருந்தது. அது பள்ளத்தைத் தொடுவதற்குள் எல்லாப் பாத்தியையும் கழுவவேண்டும். அத்தை ஒரு பூவாளி, அவர் புருசன் ஒன்று. நான் ஆற்றில் வாளியால் அள்ளினேன். நிமிர்ந்து பார்த்தேன், மாமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பழைய டின்னோடு பாத்திக்குள் நின்றார். செருப்பைக் காணோம். ஆற்றுக்கும் பாத்திக்குமாக ஓடினார். ஒரு சொட்டு வீணாக்காமல், இலை நுனியிலிருந்து ஊற்றினார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தண்ணீர் முறையில் வாழ்ந்த மனுசிக்கு நேரத்தோடு ஓடத் தெரியும்.

"அந்த மூலை மிச்சம்! பிள்ளை, அந்த மூலை!" என்று என்மேல் கத்தினார்.

வெயில் வந்தபோது கடைசிப் பாத்தியில் பாதி மிச்சம். மற்றதெல்லாம் தப்பியது. கொஞ்ச நேரத்தில் புல்லின் வெள்ளை ஆவியாக எழும்பிக் காணாமல் போனது. அரை மணி முன்னால் அங்கே என்ன இருந்தது என்று கேட்டால் காட்ட ஒன்றுமே இல்லை. ஈரப்புல்தான்.

மாமியின் விரல்கள் மடங்கவில்லை. குசினியில் அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார். அத்தை ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணீர்க் கோப்பையை முன்னால் வைத்தார். மாமி இரண்டு கையாலும் எடுத்துக் குடித்தார். முழுவதும் குடித்தார். நான் அதைப் பார்த்துச் சந்தோசப்படவில்லை. குளிர் தாங்காமல் குடித்தார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஒரு நாள் பிந்தித்தான் ஓமந்தைக்கு வந்தோம். எங்கள் பக்கத்து மேசையில் என் வயது மதிக்கக்கூடிய ஒரு பெண் இருந்தாள். பாஸைப் பார்த்தாள்.

"நேற்று வந்திருக்கவேணும். ஏன் பிந்தினது?"

ரயில் ஓடவில்லை என்று சொல்ல நான் ஆயத்தமாகத்தான் இருந்தேன். மாமி முந்திவிட்டார்.

"ஐஸ் பாக்க நிண்டனாங்கள்."

"என்னம்மா?"

"மலைநாட்டிலை. புல்லிலை ஐஸ் பிடிக்கிறது. முதல் நாள் பாக்க முடியேல்லை. அதுதான் ஒரு நாள் கூட நிண்டது."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஆச்சிக்கு வெயில் மண்டையிலை ஏறீட்டுது" என்றது ஒரு குரல்.

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. குரலைத் தாழ்த்தி, "அம்மா, காச்சல் எண்டு சொல்லுங்கோ. எழுதிவிடுறன், போங்கோ" என்றாள்.

"எனக்குக் காச்சல் வரேல்லை. வராத காச்சலை ஏன் சொல்லவேணும்?"

"அப்ப ஐஸ் எண்டு நான் எழுதேலுமோ? நான் எழுதினால் என்னைச் சிரிப்பினம்."

"பிள்ளை, நான் பொய் சொல்லுற மனிசியில்லை. நாக்கிலை வைச்சுப் பாத்தனான்."

வரிசை இன்னும் பலமாகச் சிரித்தது. மாமி திரும்பி அவர்களைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் ஒருமுறை கண்டிருக்கிறேன், வேறோர் ஆளில், தகரக் கூரையின் கீழே. சொல்ல வாயெடுத்து, கேட்க ஆளில்லாமல் நின்ற முகம்.

காரணம் சரியில்லை என்று எழுதி, மாலை வரைக்கும் வாங்கில் இருத்தினார்கள். பிணை நின்ற குற்றத்துக்கு என் கணவர் இரண்டு நாள் தெருவுக்கு மண் சுமந்தார். அந்தப் பழியில் பாதி என்னுடையது. அவரிடம் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில், உழவு இயந்திரப் பெட்டியில், மாமி சேலைத் தலைப்பால் முகத்துத் தூசியைத் துடைத்தார். பிறகு சொன்னார்.

"அண்டைக்குக் கூட்டத்திலை நானும் சிரிச்சனான்."

"ஓம். எல்லாரையும்விடப் பலமாய்ச் சிரிச்சனீங்கள்."

ஆறுதல் சொல்லி இருக்கலாம். சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

அறுவடை முடிந்தது. சிறுபோகத்துக் கூட்டம் வந்தது. அப்பா உள்ளே வரமாட்டேன் என்று வெளியே மருத மரத்தடியில் என் மகனோடு நின்றார். காவலாளி யார் என்ற கதை வந்ததும், தலைவர் தன் ஆளின் பெயரைச் சொன்னார். மாமி எழுந்தார்.

"போன முறை நிண்ட மனிசனே நிக்கட்டும்."

"அக்கா, அந்தாள்…"

"அந்தாள் புல்லிலை ஐஸ் கண்டவர். நானும் கண்டிட்டு வாறன்."

ஒரு கணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு தலைவர் சிரித்தார். "உங்களுக்கும் ஐஸ்பழம் தந்து விட்டவையோ அக்கா?"

கூட்டம் சிரித்தது. மாமி, சிரிப்பு அடங்கும்வரை நின்றார். வாங்கில் இருக்கவில்லை.

"சிரிச்சு முடிஞ்சுதோ? நான் இந்த வாய்க்காலிலை முப்பது வருசம். என்ரை வாயிலை இருந்து ஒரு பொய் வந்ததெண்டு ஆராவது ஒராள் எழும்பிச் சொல்லுங்கோ. நான் வாங்கிலை இருக்கிறன்."

யாரும் எழும்பவில்லை.

"காலிலை மிதிச்சனான். கையாலை அள்ளினனான். நாக்கிலை வைச்சனான். அந்த மனிசன் சொன்னது ஒண்டும் கூட இல்லை, குறைய இல்லை. கண்டதைச் சொன்ன ஆளைப் பாத்துச் சிரிச்சம். கட்டு வெட்டின ஆள் எங்களோடை இருந்து சிரிச்சார். அவர் இப்பவும் இஞ்சைதான் இருக்கிறார். தம்பி, எழும்பிச் சொல்லுமன், அண்டைக்கு விடிய எங்கை நிண்டனீர் எண்டு."

தலைவரின் மச்சான் வெற்றிலை துப்ப வெளியே போனார். திரும்பி வரவில்லை. கை உயர்த்தச் சொன்னார்கள். எண்ணினார்கள். பெரிய வெற்றி இல்லை, நாலு கை கூட. அது போதும்.

திறப்பை மாமியே வாங்கிக்கொண்டு மருத மரத்தடிக்குப் போனார். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். திறப்பைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார்.

"கை எரிஞ்சிச்சாங்க சம்மந்தி?"

"எரிஞ்சது" என்றார் மாமி. "காலும்."

அப்பா சிரித்தார். அந்தச் சிறுபோகம் தண்ணீர் முறை தவறவில்லை.

எழுதுகிறபடியால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். அன்று பின்னேரம் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமி தேத்தண்ணீர் போடச் சொன்னார். நல்ல சாயம், சீனி கூட. ஊற்றி முடித்துத் திரும்பினேன். வளையில், ஆணியில், அந்தப் பேணி அப்படியே தொங்கியது. மாமி வழக்கம்போல அதற்குக் கையை நீட்டினார்.

நான் முந்தினேன். பேணியை எடுத்தேன். எனக்கு அதில் ஊற்றினேன். அப்பாவுக்கு மாமியின் கோப்பையில் ஊற்றினேன். மாமி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் அந்தப் பேணியில்தான் குடித்தேன். மாமி தானாகவே அந்த ஆணியைப் பிடுங்கி எறியும்வரை குடித்தேன். அதற்கு ஒரு வருடமும் நாலு மாதமும் எடுத்தது.